இரண்டு டயோடு போதுமாம்!

ஹாம் வானொலிக்காரர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள்: "பக்கத்திலேயே நூறு வாட் டிரான்ஸ்மிட்டர் ஓடுது. என் ரிசீவருக்கு ஏதாவது ஆகுமா?" பதில் யோசனையே இல்லாமல் வந்து விழும். "இன்புட்ல ரெண்டு டயோடு எதிரும் புதிருமா போட்டுடுங்க ஓஎம், அப்புறம் கவலையே வேண்டாம்." சொல்பவர் முப்பது வருட அனுபவஸ்தராக இருப்பார். சுற்றி நிற்பவர்கள் தலையாட்டுவார்கள். ரிச்சி தெருவில் ஒன்றிரண்டு ரூபாய்க்குக் கிடைக்கும் 1என்4148 டயோடு இரண்டு. பற்றவைக்க ஐந்து நிமிடம். இவ்வளவு மலிவான நிம்மதி வேறெங்கே கிடைக்கும்?

நானும் இதைப் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். கேட்க அழகான தர்க்கம். சிலிக்கான் டயோடு 0.7 வோல்ட் பக்கம் திறந்துகொள்ளும். ஒன்றை இப்படியும் ஒன்றை அப்படியும் ஆன்டெனாவுக்கும் பூமிக்கும் நடுவே வைத்தால், அலை எந்தப் பக்கம் ஏறினாலும் 0.7ஐத் தாண்டியதெல்லாம் பூமிக்குப் போய்விடும். ரிசீவர் கேட்க வேண்டிய சிக்னலோ மைக்ரோவோல்ட் கணக்கு. அதை டயோடு கண்டுகொள்ளாது. வம்பு வந்தால் மட்டும் விழித்துக்கொள்ளும் காவல்காரன்.

அந்தக் காவல்காரனை நான் சந்தேகிக்கத் தொடங்கியது ஏலகிரியில் போட்ட ஒரு முகாமில். இரண்டு கூடாரம். ஒன்றில் 7 மெகாஹெர்ட்ஸில் 100 வாட் நிலையம். மற்றொன்றில் நண்பர் ஒருவர் கைக்கு அடக்கமான, மென்பொருளால் இயங்கும் ஒரு எஸ்டிஆர் ரிசீவரை மடிக்கணினியில் செருகி, அலைவரிசை முழுவதும் திரையில் நீலமும் மஞ்சளுமாக வழிந்து இறங்குவதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். இரண்டு ஆன்டெனாவும் கிட்டத்தட்ட இணையாக, நாற்பது மீட்டர் இடைவெளியில். எஸ்டிஆரின் வாயில் இரண்டு டயோடு இருந்தது. பற்றவைத்துக் கொடுத்தவன் நானே. முதல் கூடாரத்தில் கீயை அழுத்தினார்கள். திரை ஒரு நொடி முழு வெள்ளையானது. கீயை விட்ட பிறகு நீலம் திரும்பி வந்தது, ஆனால் அதன்மேல் ஒரு கோடும் இல்லை. இலங்கையும் இல்லை, சீனாவும் இல்லை, மறுபடி கீயை அழுத்தினால் பக்கத்துக் கூடாரம் மட்டும் மங்கலாக. செவிடாகிவிட்டது.

அன்றிரவு பெட்டியைத் திறந்து, டயோடுகளைத் தனித்தனியாகக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தேன். டயோடு இரண்டும் நன்றாக இருந்தன. ஒரு பக்கம் 0.6, மறுபக்கம் திறப்பு, கடையிலிருந்து வந்த மாதிரியே. செத்தது அவற்றுக்குப் பின்னால் எள்ளளவில் உட்கார்ந்திருந்த பெருக்கி ஐசி. காவல்காரன் உடம்பில் கீறல் இல்லை, வீட்டுக்காரர் காலி.

மறுநாள் காலை, முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்தோம். ரிசீவர் இருந்த இடத்தில் ஒரு 50 ஓம் மின்தடையை வைத்து, அதன்மேல் எழும் உச்ச மின்னழுத்தத்தை அளந்தோம். பக்கத்துக் கூடாரம் கீயை அழுத்தியபோது 10 வோல்ட். 50 ஓமில் 10 வோல்ட் உச்சம் என்றால் 1 வாட். அனுப்பியதில் நூற்றில் ஒரு பங்கு வந்து சேர்ந்திருக்கிறது. 7 மெகாஹெர்ட்ஸில் அலைநீளமே 42 மீட்டர். நாற்பது மீட்டர் தள்ளிக் கட்டியதைத் "தூரம்" என்று நாங்கள் நினைத்துக்கொண்டது எங்கள் அறியாமை. இன்னும் கிட்டே கட்டியிருந்தால் பல வாட் வந்திருக்கும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் இந்த நம்பிக்கை பிழைத்திருப்பதே யாரும் கணக்குப் போடாததால்தான். ஹாம்கள் திறனை டிபிஎம்மில் சொல்வார்கள்: 1 மில்லிவாட் என்றால் பூஜ்யம் டிபிஎம், பத்து மடங்கு ஏறினால் 10 கூடும். 50 ஓமில் 0.7 வோல்ட் உச்சம் என்பது ஏறக்குறைய 5 மில்லிவாட், அதாவது +7 டிபிஎம். டயோடு ஒழுங்காக வேலை செய்தாலும் அவ்வளவை உள்ளே விட்டே தீரும். உண்மையில் இன்னும் மோசம். எங்கள் 1 வாட் வந்தபோது ஆன்டெனா தரத் தயாராயிருந்த மின்னழுத்தம் 20 வோல்ட் உச்சம். அதன் 50 ஓம் வழியாக டயோடில் பாய்ந்திருக்கக்கூடியது ஏறத்தாழ 0.4 ஆம்பியர். அவ்வளவு ஓட்டத்தில் 1என்4148இன் குறுக்கே 0.7 நிற்காது, 1 வோல்ட்டைத் தாண்டிவிடும். 1.2 என்று வைத்தால் உள்ளே போனது 14 மில்லிவாட், +11 டிபிஎம்முக்கும் மேல்.

அந்த ரிசீவர் எவ்வளவு தாங்கும்? இதைப் பெரும்பாலான பெட்டிகளின் மேல் அச்சடிப்பதில்லை. ஒளிக்காமல் எழுதியிருக்கும் ஒன்றை உதாரணமாகச் சொல்கிறேன். 1 மெகாஹெர்ட்ஸிலிருந்து 6 கிகாஹெர்ட்ஸ் வரை கேட்கும் ஹேக்ஆர்எஃப் ஒன் என்ற கருவியின் ஆவணம், –5 டிபிஎம்முக்கு மேல் கொடுத்தால் நிரந்தரச் சேதம் வரலாம் என்று நேராகவே எச்சரிக்கிறது. முன்புறப் பெருக்கியை அணைத்து வைத்தால் கொள்கையளவில் 10 டிபிஎம் வரை தாங்கும், ஆனால் மென்பொருளில் ஒரு சின்னத் தவறு அதை இயக்கிவிடக்கூடும் என்றும் சொல்கிறது. –5 டிபிஎம் என்பது 50 ஓமில் 0.18 வோல்ட் உச்சம். 0.18 வோல்ட்டில் சிலிக்கான் டயோடு என்ன செய்துகொண்டிருக்கும்? தூங்கிக்கொண்டிருக்கும். அது கண் விழித்துக் கம்பை எடுக்கும்போது, தாங்கும் எல்லையைப் போல் பத்து மடங்குக்கும் மேலான திறன் உள்ளே போய்ச் சேர்ந்திருக்கும்.

வால்வு காலத்து ரிசீவருக்கு இந்த 0.7 வோல்ட் ஒரு தூசு. தடிமனான சுருளும் கண்டென்சரும் வாசலில் நிற்கும், பின்னால் நிற்கும் வால்வோ வோல்ட் கணக்கில் வந்தாலும் அசையாது. அந்தக் காலத்துச் செட்டுக்குச் சொன்ன வைத்தியத்தை இன்று மைக்ரான் கணக்கில் செதுக்கிய டிரான்சிஸ்டருக்கும் சொல்கிறோம். அறிவுரை அப்படியே இருக்கிறது, நோயாளி மாறிவிட்டார்.

"சரி, ஷாட்கி டயோடு போடு, அது 0.2, 0.3இலேயே திறக்கும்" என்பார்கள். இங்கேதான் இந்த வைத்தியத்தின் மறுபக்கம் வெளிவருகிறது. என் பார்வையில், ஐசி வேகுவதைவிட இது பெரிய குற்றம், ஏனென்றால் இது தினமும் நடக்கிறது, யாருக்கும் தெரியாமல்.

டயோடு என்பது ஒரு குறிப்பிட்ட வோல்ட்டில் டக்கென்று திறக்கும் கதவு இல்லை. மெல்ல மெல்லக் கசியத் தொடங்கி, பிறகு வேகமாகத் திறக்கும் வளைவு அது. அந்த வளைவில் இரண்டு பலமான சிக்னல்கள் ஒன்றாக விழுந்தால் ஒன்றோடொன்று கலந்து, இல்லாத இடத்தில் மூன்றாவதைப் பிறப்பிக்கும். ராத்திரியில் 7200 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே சிற்றலை ஒலிபரப்புகள் வரிசை கட்டி நிற்கும்; கீழே 7000 முதல் 7200 வரை நம் ஹாம் பகுதி. 7250இல் ஒன்றும் 7350இல் ஒன்றும் பலமாக வந்தால், 7250ஐ இரட்டித்து 7350ஐக் கழித்துப் பாருங்கள்: 7150. நம் வீட்டுக் கூடத்தின் நடுவில் ஒரு பேய். யாரோ பேசுவதைப் போலவும் பாட்டைப் போலவும் குழறும் ஒரு சத்தம். "பேண்டு இன்னைக்குச் சரியில்லை" என்று செட்டை அணைத்துவிட்டுப் போகிறோம். பேண்டு நன்றாகத்தான் இருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்துகொண்டிருக்கிறது.

இந்தப் பேயைப் பிடிக்க ஒரு பழைய சோதனை உண்டு. வரும் சிக்னலை 10 டெசிபெல் குறைத்தால் உண்மையான நிலையம் 10 டெசிபெல்தான் குறையும். இந்த வகைக் கலப்புப் பிறவி 30 டெசிபெல் குறைந்து காணாமல் போகும். அனுபவஸ்தர்கள் ரிசீவரின் அட்டெனுவேட்டர் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, "பத்துதான் இறங்குது, நிஜ சிக்னல்தான்" என்று தீர்ப்பெழுதுகிறார்கள். டயோடு எங்கே இருக்கிறது? பெட்டிக்கு வெளியே, ஆன்டெனா சாக்கெட்டில். அட்டெனுவேட்டர் எங்கே? பெட்டிக்கு உள்ளே, டயோடுக்குப் பின்னால். பேய் பிறந்த பிறகு அதைக் குறைத்தால் அதுவும் பத்துதான் இறங்கும். அட்டெனுவேட்டரைக் கழற்றி டயோடுக்கு முன்னால் செருகிப் பார்த்தால்தான் சாயம் வெளுக்கும். இதைச் செய்து பார்க்காமல் "என் டயோடு எதையும் கெடுக்கவில்லை" என்று சாதிப்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

மத்திய அலை நிலையத்துக்கு அருகில் குடியிருப்பவர் கதை இன்னும் பரிதாபம். தூத்துக்குடியின் 1053 கிலோஹெர்ட்ஸ் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையிலும் தெளிவாகக் கேட்கும்படி 200 கிலோவாட்டில் நிறுவப்பட்டது. அப்படி ஒரு டிரான்ஸ்மிட்டரிலிருந்து பத்துக் கிலோமீட்டர் தள்ளிக்கூட புலவலிமை மீட்டருக்கு 0.4 வோல்ட் அளவில் இருக்கும். உயரக் கட்டிய நீளக் கம்பியில் அது என்ன செய்யும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அந்த வட்டாரத்தில் வாசலில் டயோடு வைத்தவருக்கு டயோடு ராத்திரி பகலாகத் திறந்தே இருக்கும். டயலை எங்கே திருப்பினாலும் அதே நிலையத்தின் நிழல் கூடவே வரும். அங்கே வேண்டியது 1.8 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஒரு ஃபில்டர், அதுவும் டயோடுக்கு முன்னால்.

ஆகக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் தாமதம். சும்மா இருக்க வேண்டிய நேரத்தில் அவசரம். ஷாட்கி போட்டுத் தாமதத்தைக் குறைத்தால் அவசரம் கூடும். டயோடுகளை இரண்டிரண்டாக அடுக்கி அவசரத்தைக் குறைத்தால் தாமதம் கூடும். ஒரே துண்டு உதிரிபாகத்திடம் இரண்டையும் கேட்பது, ஒரே ஆளை வாசலிலும் கொல்லையிலும் நிறுத்துவது போல.

விஎச்எஃப், யுஎச்எஃப் பக்கம் போனால் நிலைமை கேலிக்கூத்து. டயோடின் கால் கம்பி மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு நானோஹென்றி தூண்டம் சேர்க்கும். இரண்டு காலும் சேர்த்து 15 மில்லிமீட்டர் விட்டால், 144 மெகாஹெர்ட்ஸில் அதுவே 13, 14 ஓம் தடையாக நிற்கும். 435இல் 40 ஓமுக்கு மேல். பூமிக்குத் தள்ள வேண்டிய டயோடு, பூமியிலிருந்து 40 ஓம் உயரத்தில் தொங்குகிறது. அதோடு ஒவ்வொரு டயோடுக்கும் 4 பிகோஃபாரட் வரை மின்தேக்கம். இரண்டும் சேர்ந்தால் 435 மெகாஹெர்ட்ஸில் சிக்னலில் ஒரு டெசிபெல் அளவு சும்மாவே போய்விடும். செயற்கைக்கோளைக் கேட்க ஆயிரக்கணக்கில் செலவழித்துக் குறைந்த இரைச்சல் பெருக்கி வாங்கி, அதன் வாசலில் ஒரு டெசிபெல்லைக் கொட்டிவிடும் புத்திசாலித்தனத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

எதிர்வாதங்களைக் கேட்காமல் விடக்கூடாது. முதலாவது, "இருபது வருஷமா என் செட்டுல ரெண்டு டயோடுதான், ஒண்ணும் ஆகலையே." ஐயா, அந்த இருபது வருடத்தில் உங்கள் டயோடுக்கு ஒரு நாளாவது வேலை வந்ததா? ஒரே ஆன்டெனா, ஒரே செட். அனுப்பும்போது ரிசீவரைக் கழற்றிவிடுவது உள்ளே இருக்கும் ரிலே. உங்களைக் காப்பாற்றியது அது. திருடன் வராத தெருவில் காவல்காரன் திறமைசாலி என்று எப்படிச் சொல்வது?

இன்னும் ஒன்று உண்டு. அந்த டயோடு இன்றைக்கு உயிரோடு இருக்கிறதா? பத்து வாட் போல வந்து, தாங்கும் அளவைத் தாண்டிய ஓட்டம் பாய்ந்தால், டயோடு முதலில் உள்ளுக்குள் குறுக்கிணைப்பாகும். அப்போது செட் செவிடாகும், தெரிந்துவிடும். இன்னும் பலமாகப் பாய்ந்தால் வெந்து திறந்துபோகும். செட் முன்பைவிட நன்றாகக் கேட்கும். பாதுகாப்பு மட்டும் இருக்காது. யாரும் திறந்து பார்ப்பதில்லை.

"கம்பெனிக்காரனே டயோடுதானே போடுகிறான்?" போடுகிறார்கள். எங்கே போடுகிறார்கள் என்று வரைபடத்தைப் பாருங்கள். நல்ல செட்டில் அது ரிலேவுக்கும் பேண்டுபாஸ் ஃபில்டருக்கும் பின்னால் கடைசிக் காவலாக நிற்கும், அல்லது விரல்நுனியிலிருந்து பாயும் நிலைமின்னுக்காக மட்டும் இருக்கும். முன்னால் மூன்று கதவு வைத்துவிட்டு உள்ளே ஒரு தாழ்ப்பாள் போடுவது வேறு, தாழ்ப்பாளை மட்டும் தெருவில் நட்டுவைப்பது வேறு. "பவரை அணைத்துவிட்டால் போதும்" என்பதும் அடிக்கடி கேட்கும் வசனம். டிரான்சிஸ்டரைச் சுடும் சக்தி ஆன்டெனா வழியாக வருகிறது, சுவிட்சைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

ராடார்க்காரர்களுக்கு இந்தத் தலைவலி இரண்டாம் உலகப் போரிலேயே வந்தது. ஒரே ஆன்டெனாவில் அனுப்பவும் வேண்டும், சில மைக்ரோநொடி கழித்து அதே ஆன்டெனாவில் எதிரொலியைக் கேட்கவும் வேண்டும். ரிசீவரின் வாசலில் இருந்தது ஒரு சிறிய படிகக் கண்டறிவான். அனுப்பும் துடிப்பு கொஞ்சம் கசிந்தாலும் அது போய்விடும். வாயு நிரப்பிய ஒரு குழாயை நடுவில் வைத்தார்கள்: துடிப்பு வந்ததும் வாயு மின்னிக் குறுக்கிணைப்பாகும். ஆனால் வாயு மின்னுவதற்குச் சில நானோநொடி ஆகும். அதற்குள் ஒரு கூர்முனை நழுவி உள்ளே போய்ப் படிகத்தைச் சுட்டது. அதனால் குழாய்க்குள் எப்போதும் சிறு பொறியை எரியவிட ஒரு தனி மின்முனை வைத்தார்கள். பிற்காலத்தில் குழாய்க்குப் பின்னால் பின் (PIN) டயோடு லிமிட்டரும் சேர்ந்தது, நழுவி வரும் கூர்முனையைத் தட்டிவிட. சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல் நிற்கும் டாப்ளர் ராடார் புயல் காலத்தில் நமக்குப் படம் காட்டுகிறது அல்லவா, அந்த வகை ராடார்கள் எல்லாவற்றிலும் இப்படி அடுக்கடுக்கான ஏற்பாடு உண்டு. அங்கே எந்தப் பொறியாளரும் "ஒரு டயோடு போடுங்க, கவலை வேண்டாம்" என்று சொல்லி வேலையில் நீடிக்க முடியாது.

வானொலி வானியலாளர்கள் அதற்கும் ஒரு படி மேலே போனார்கள். 2006இல் ஏவப்பட்ட கிளவுட்சாட் செயற்கைக்கோள் சுமார் 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 94 கிகாஹெர்ட்ஸ் ராடாரை நேர் கீழே அடித்து மேகங்களை அளந்தது. அதே அலைநீளத்தில் கேட்கும் தொலைநோக்கிகளின் ரிசீவர்கள், நாலு கெல்வின் அளவுக்குக் குளிரூட்டிய மீகடத்திச் சந்திகள். தலைக்கு மேலே அது போகும் நேரத்தில் தொலைநோக்கி நேர் மேலே பார்த்தால் அந்தச் சந்தி எரிந்துபோகக்கூடும். அதன் வாசலில் டயோடு வைத்தால் கேட்க வந்ததே கேட்காது. என்ன செய்தார்கள்? செயற்கைக்கோளின் பாதையை வாங்கி வைத்துக்கொண்டு, அது கடக்கும் நேரத்தில் நேர் மேலே பார்ப்பதைத் தவிர்த்தார்கள். 2024 மே மாதம் ஏவப்பட்ட எர்த்கேரும் அதே அலைவரிசையில் ராடார் சுமந்து சுற்றுகிறது. அதே எச்சரிக்கை தொடர்கிறது. உலகின் மிக நுட்பமான ரிசீவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு ஒரு கால அட்டவணை.

நான் சொல்ல வருவது அதுதான். பாதுகாப்பு கடையில் வாங்கும் பொருளாக வராது, ஏற்பாடாகத்தான் வரும். பெரும் திறன் ரிசீவர் வரை வராமல் பார்ப்பது முதல் வேலை: ஆன்டெனாக்களைத் தள்ளி, குறுக்காகக் கட்டுங்கள்; ஒரே பேண்டில் இரண்டு கூடாரம் வேண்டாம்; அந்தந்த பேண்டுக்கு ஃபில்டர் போடுங்கள். தவிர்க்கவே முடியாத இடத்தில் ஒரு ரிலே: பக்கத்து நிலையம் அனுப்பும்போது ரிசீவரின் வாயை ஆன்டெனாவிலிருந்து பிரித்துப் பூமியோடு சேர்க்கட்டும். ரிலே நகர ஐந்து முதல் பதினைந்து மில்லிநொடி ஆகும், தொடுமுனை துள்ளவும் செய்யும். அதனால் முதலில் ரிலே, பிறகு திறன் என்ற வரிசையைச் சுற்றே கட்டாயப்படுத்த வேண்டும். கை வேகத்தை நம்பக்கூடாது. உலர் காற்றில் நீளக் கம்பி சேர்த்துவைக்கும் நிலைமின்னுக்கு ஆன்டெனாவிலிருந்து பூமிக்கு 100 கிலோஓம் மின்தடை ஒன்று. இடிக்கு எதுவும் இல்லை. மேகம் கறுத்தால் கேபிளைக் கழற்றுங்கள், வேறு பேச்சில்லை.

இவ்வளவுக்கும் பிறகு டயோடு போடுங்கள், நான் தடுக்கவில்லை. எச்எஃப் செட்டுக்கு, அது 20 மில்லிவாட் தாங்கும் என்று தெரிந்திருந்தால், ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டிரண்டு தொடராக, கால்களை ஒட்ட வெட்டி, ஃபில்டருக்குப் பின்னால். அவற்றுக்கு முன்னால் பழைய செட்டுகள் சிலவற்றில் இருந்த மாதிரி ஒரு குட்டி இழைவிளக்கைத் தொடராக வைத்தால் இன்னும் நல்லது. குளிர்ந்த இழைக்குத் தடை குறைவு. ஓட்டம் ஏறிச் சூடானால் தடை பல மடங்கு ஏறி டயோடின் சுமையைத் தான் வாங்கிக்கொள்ளும். ஏதோ வருகிறது என்று எரிந்தும் காட்டும். வாயைத் திறந்து எச்சரிக்கும் ஒரே காவல்காரன் அதுதான்.

அடுத்த முகாமுக்குக் கிளம்பும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். 100 ஓம், 2 வாட் கார்பன் மின்தடை இரண்டை இணையாகப் பற்றவையுங்கள். கம்பி சுற்றிய வகை வேண்டாம். அதன்மேல் ஒரு 1என்4148, ஒரு 10 நானோஃபாரட் கண்டென்சர், ஒரு மல்டிமீட்டர். ரிசீவரைச் செருகுவதற்கு முன் இதைச் செருகி, பக்கத்துக் கூடாரத்தைக் கீயை அழுத்தச் சொல்லுங்கள். மீட்டர் காட்டும் எண்ணோடு 0.6 கூட்டுங்கள், தன்னோடு பெருக்குங்கள், நூறால் வகுங்கள், வருவது வாட். எங்களுக்கு ஏலகிரியில் மீட்டர் காட்டியது 9.4. உங்களுக்கு என்ன வந்தது என்று அலையில் சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருப்பேன்.